வெளிநாடு செல்வோரும் மலேரியா முற்காப்பு மாத்திரைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றைக் கடக்குமிடத்தில் அமரவிளை என்னும் ஊர் அமைந்துள்ளது. அதற்கு வடக்கே நெய்யாற்றின்கரையும், தெற்கே பாறசாலையும் உள்ளன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாட்டின் எல்லை தொடங்குகிறது. எல்லையை அடுத்த ஊராதலின் அமரவிளையில் சோதனைச் சாவடி உண்டு. வண்டிகள் நிறுத்தப்பட்டு, விலக்கப்பட்ட பொருள்கள் கடத்தப்படுகின்றனவா என்று ஆராயப்படுகின்றன. ஆனால் மனிதனுடைய குருதியிலும் கல்லீரலிலும் மறைந்து வரும் நோயுயிரை நிறுத்தக்கூடிய சாவடி எங்கும் இல்லை. அதனைத் தடுக்கும் பொறுப்பு, பயணம் செய்பவரிடமே விடப்பட்டிருக்கிறது.

இவ்வெல்லையோர ஊர்களிலிருந்து பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்வோர் பலர். அவருள் பெரும்பாலோர் அரபு நாடுகளுக்குச் செல்கின்றனர். சிலர் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கின்றனர். இவ்விரு சாராருக்கும் மலேரியாவைப் பற்றி அறிய வேண்டியது ஒன்றேயன்று. எவர் மாத்திரை உண்ண வேண்டும், அதனை எங்ஙனம் பெறவேண்டும், எத்துணை நாள் உண்ணவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் பிழைபடுவது. உயிருக்கு ஊறு நேர்வதும் அதனாலேயே.

எந்த நாட்டிற்குச் செல்வோர்க்கு மாத்திரை வேண்டும்?

வெளிநாடு என்றாலே மலேரியா மாத்திரை வேண்டும் என்பதில்லை. ஐக்கிய அரபு எமிரேட்டுகள் மலேரியா அற்ற நாடென 2007ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகிய நாடுகளிலும் இந்நோய் உள்ளூரில் பரவுவதில்லை. ஒரு காலத்தில் மலேரியாவால் பெரிதும் அல்லலுற்ற இலங்கையும் 2016இல் அச்சான்றினைப் பெற்றது. இந்நாடுகளுக்கு மட்டும் செல்வோர் மாத்திரை உண்ண வேண்டுவதில்லை.

சஹாராப் பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 26 கோடியே 30 லட்சம் பேர்க்கு மலேரியா கண்டது என்றும், 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர். நைஜீரியா, காங்கோ, உகாண்டா, சூடான், தான்சானியா முதலிய நாடுகளுக்குச் செல்வோர் அனைவரும் முற்காப்பினைப் பற்றி மருத்துவரிடம் கலந்தே புறப்படல் வேண்டும். ஒரே நாட்டினுள்ளும் மலைநகரங்களில் நோய் குறைந்தும், தாழ்நிலங்களில் மிகுந்தும் இருப்பதுண்டு. ஆதலின் நாட்டின் பெயரை மட்டுமன்றி, தங்கப்போகும் ஊரின் பெயரையும் மருத்துவரிடம் கூறுதல் நலம்.

எதிர்ப்பாற்றல் அற்ற தலைமுறை

கேரள மக்களுக்கு மலேரியா புதிய நோயன்று. வயநாட்டின் மலைச்சரிவுகளில் குடியேறச் சென்ற குடும்பங்கள் பல இந்நோயால் அழிந்தன. நாடு முழுவதிலும், விடுதலை பெற்ற காலத்தில், ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் நோயுற்று, எட்டு லட்சம் பேர் இறந்தனர் எனக் கணிக்கப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அதன் பயனாக, 1965ஆம் ஆண்டில் கேரளத்தில் உள்ளூர் மலேரியா ஒழிந்தது.

இவ்வெற்றியின் மறுபக்கம் ஒன்றுண்டு. மலேரியாவால் மீண்டும் மீண்டும் தாக்கப்படும் மக்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் வளர்கிறது. அது நோயை முற்றும் தடுப்பதில்லை எனினும், அதன் கடுமையைக் குறைக்கிறது. 1965க்குப் பின் பிறந்து, வேறெங்கும் செல்லாமல் வளர்ந்தவர் உடலில் அவ்வாற்றல் இராது. பாட்டனார் முறைக்காய்ச்சலைக் கண்டு பிழைத்தவர் என்பது பேரனுக்குக் காப்பாகாது. ஆப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றவர்கூட, ஊர் திரும்பித் தங்கினால், அவ்வாற்றலைச் சிறிது சிறிதாக இழக்கிறார். 'எனக்கு அந்த ஊர்க் காய்ச்சல் பழகிவிட்டது' என்று எண்ணி, மறுமுறை மாத்திரையின்றிச் செல்வது பேரிடர் விளைப்பதாகும்.

உடலினுள் நோயுயிர் செல்லும் வழி

மாத்திரையை ஏன் இத்துணை நாள் உண்ணவேண்டும் என்பதை அறிய, நோயுயிரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா நோயுயிரைக் கண்டார். இந்நோய் கொசுவால் பரவுவது அதனால் தெளிவாயிற்று. ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. கொசு கடித்தபின் சில நாட்கள் வரை நோயாளியின் குருதியில் நோயுயிர் தென்படுவதில்லை. அந்நாட்களில் அது எங்கே உறைகிறது?

விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1948இல் இலண்டனில் ஹென்றி ஷார்ட், கார்ன்ஹாம் என்னும் இருவர், நோயுயிர் முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது என்பதை மெய்ப்பித்தனர். இவருள் ஷார்ட் என்பார், முன்னர்ச் சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர்.

கொசு கடிக்கும்பொழுது அதன் உமிழ்நீருடன் நுண்ணிய நோயுயிர்கள் உடலிற் புகுகின்றன. அவை அரைமணி முதல் சில மணி நேரத்திற்குள் கல்லீரலை அடைந்து, அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓசையின்றிப் பெருகுகின்றன. அப்பொழுது நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வும் இல்லை. பின்னர் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டு, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்பன அப்பொழுதே தோன்றும்.

மனிதரைத் தாக்கும் வகைகளுள் உயிர்க்கொல்லியாக விளங்குவது பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்பதாகும். ஆப்பிரிக்காவில் இதுவே மிகுதி. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், பிளாஸ்மோடியம் ஓவலே என்னும் இருவகையும் கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, பல வாரங்களுக்கோ திங்கள்களுக்கோ பின் விழித்தெழுந்து காய்ச்சலை உண்டாக்க வல்லவை.

மாத்திரை கொசுக்கடியைத் தடுப்பதில்லை. நோயுயிர் உடலிற் புகுவதையும் தடுப்பதில்லை. பெரும்பாலான முற்காப்பு மாத்திரைகள், கல்லீரலை விட்டு நோயுயிர் வெளிப்படும் வரை காத்திருந்து, குருதியிற் புகுந்தவுடன் அதனை அழிக்கின்றன. ஆதலின் அது வெளிப்படும் நாளில் மருந்து குருதியில் இருத்தல் வேண்டும். ஊருக்குப் புறப்படும் நாளன்று இரவு கொசு கடித்ததாகக் கொள்வோம். நோயுயிர் குருதியை அடையும்பொழுது அவர் அமரவிளையில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார். அன்று மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தால், அதுவரை உண்ட மாத்திரைகள் அனைத்தும் அந்த ஒரு கடிக்கு எதிராகப் பயனற்றவையே.

இவ்வுண்மையை இரண்டாம் உலகப் போரின்பொழுது ஆஸ்திரேலிய மருத்துவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி சோதனையால் நிலைநாட்டினார். 1943ஆம் ஆண்டு முதல் கெய்ர்ன்ஸ் நகரில், தாமே முன்வந்த படைவீரர்களை நோயுற்ற கொசுக்கள் கடிக்கச் செய்து, மெப்பாக்கிரின் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்து ஆராய்ந்தார். ஒழுங்காக உண்டவர்க்குக் காய்ச்சல் காணவில்லை. கடைசிக் கடிக்குப் பின்னும் ஏறத்தாழ நான்கு வாரம் தொடர்ந்து உண்டவரிடத்தில் பால்சிபாரம் முற்றும் ஒழிந்தது. வைவாக்ஸ் மட்டும், மாத்திரையை நிறுத்திய பின் மீண்டும் தோன்றியது. இன்றும் நான்கு வாரக் கணக்கே பெரும்பாலான மாத்திரைகளுக்கு வழங்கிவருகிறது.

வழக்கிலுள்ள மாத்திரைகள்

முன்னாளில் வாரம் ஒருமுறை குளோரோகுவின் உண்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் அம்மருந்தை எதிர்த்து நிற்கும் பால்சிபாரம் 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் தோன்றியது. 1973இல் அசாமிலும், 1978இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் காணப்பட்டது. ஆதலின் ஆப்பிரிக்காவிற்குச் செல்வோர் குளோரோகுவினை நம்புதல் தகாது. இன்று வழக்கிலுள்ளவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது டாக்சிசைக்ளின். வயது வந்தோர்க்கு நாள்தோறும் 100 மில்லிகிராம். புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்னர்த் தொடங்கி, தங்கும் நாட்களெல்லாம் உண்டு, நோயுள்ள பகுதியை விட்டு நீங்கிய பின் நான்கு வாரம் தொடரவேண்டும். ஆறு வாரத்திற்கு மேற்படாத பயணங்களுக்கு இந்திய அரசின் தேசிய மருந்துக் கொள்கை இதனையே பரிந்துரைக்கிறது. கர்ப்பிணிகளும், எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளும் உண்ணலாகாது. உணவுக்குப் பின், நிறைந்த குவளை நீருடன் விழுங்கவேண்டும், விழுங்கியவுடன் படுத்தலாகாது, படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் விரைவில் சிவத்தலும் உண்டு.

இரண்டாவது மெஃப்லோகுவின். வாரம் ஒருமுறை 250 மில்லிகிராம். இரண்டு வாரம் முன்னர்த் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் உண்ணவேண்டும். ஆறு வாரத்திற்கு மேற்பட்ட பயணங்களுக்கு அக்கொள்கையிற் கூறப்படுவது இதுவே. வலிப்பு, மனநோய், இதய நோய் உற்றிருந்தோர்க்கு இது ஆகாது. சிலர்க்குக் கொடுங்கனவு, உறக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியன தோன்றுவதுண்டு. தோன்றின் உடனே மருத்துவரை அணுகி வேறு மருந்துக்கு மாறவேண்டும்.

மூன்றாவது அட்டோவகுவோன், புரோகுவானில் என்னும் இரண்டும் சேர்ந்த மாத்திரை. நாள்தோறும் ஒன்று, கொழுப்புள்ள உணவுடனோ பாலுடனோ உண்ணவேண்டும். இது பால்சிபாரம் நோயுயிரைக் கல்லீரலிலேயே தாக்குவதால், திரும்பிய பின் ஏழு நாட்கள் உண்டால் போதும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோர்க்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. விலை மிகுதி.

இம்மூன்றும் கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸ், ஓவலே வகைகளை அழிப்பதில்லை. அவற்றை அழிக்க பிரைமாகுவின் போன்ற மருந்து வேண்டும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைவுள்ளோர்க்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்குமாதலின், இரத்தச் சோதனைக்குப் பின், மருத்துவரின் மேற்பார்வையிலேயே கொடுக்கப்படும்.

மாத்திரையைப் பெறும் முறை

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்வோர் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பெறவேண்டியுள்ளது. ஊசியிட்ட பத்து நாட்களுக்குப் பின்னரே அது செல்லுபடியாகும். திரும்பும்பொழுது இந்திய விமான நிலையத்திலும் அச்சான்றிதழ் கேட்கப்படும். ஆதலின் எவரும் அதனை மறப்பதில்லை. மலேரியா மாத்திரையையோ எந்த அதிகாரியும் கேட்பதில்லை; கேட்கப்படாததால் அது மறக்கப்படுகிறது. தடுப்பூசி பெறச் செல்லும் நாளிலேயே மலேரியாவைப் பற்றியும் மருத்துவரிடம் வினவி, மருந்துச்சீட்டு பெற்றுக்கொள்வது எளிய வழியாகும். புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கட்கு முன் இதனைச் செய்தல் நலம். மெஃப்லோகுவினும் அட்டோவகுவோன் கூட்டு மாத்திரையும் எல்லா மருந்துக் கடைகளிலும் இருப்பதில்லை. சொல்லி வருவிக்க நாட்கள் ஆகும்.

மருத்துவரிடம் வயது, எடை, முன்னர் உற்ற நோய்கள், நாள்தோறும் உண்ணும் பிற மருந்துகள், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மறைக்காது கூறவேண்டும். கருவுற்றோர் கூடுமாயின் பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று. முழுத்தொகை மாத்திரையையும் உரிமம் பெற்ற கடையில், இரசீதுடன், ஊரிலேயே வாங்குதல் வேண்டும். போலி மருந்துகள் சில நாடுகளில் நடமாடுவதால், அங்குச் சென்று வாங்கலாம் என்று விடலாகாது. மாத்திரைகளை அவற்றின் உறையிலேயே வைத்து, மருந்துச்சீட்டுடன் கைப்பையில் எடுத்துச் செல்லவேண்டும்.

எத்தனை மாத்திரை வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் 20 நாட்கள் நைஜீரியாவில் தங்குகிறார்; டாக்சிசைக்ளின் உண்கிறார். புறப்படுமுன் 2, தங்கும்பொழுது 20, திரும்பிய பின் 28. ஆக 50 மாத்திரைகள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சொந்த வீட்டில் உண்ணவேண்டியவை! அட்டோவகுவோன் கூட்டு மாத்திரையாயின் 2, 20, 7 என்ற கணக்கில் 29 போதும். விலையை ஒப்பிடுவோர் ஒரு மாத்திரையின் விலையைப் பாராது, மொத்தத் தொகையைக் கணக்கிடுதல் வேண்டும்.

ஓராண்டு, ஈராண்டு என்று தங்கி உழைப்போர் எந்த மருந்தை எத்துணைக் காலம் உண்பது என்பதை மருத்துவரே வகுக்கவேண்டும். எவர்க்காயினும் மாத்திரை ஒன்றே போதாது. அனாபிலிஸ் கொசு மாலை முதல் விடியல் வரை கடிப்பது. ஆதலின் மருந்தூட்டிய கொசுவலை, முழுக்கை ஆடை, கொசுவிரட்டிக் களிம்பு ஆகியவை இன்றியமையாதன. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இப்பொழுது இடப்படும் மலேரியாத் தடுப்பூசிகள் பயணிகளுக்கு உரியன அல்ல.

நாள்தோறும் உண்பதை ஒரே வேளையில், எடுத்துக்காட்டாக இரவு உணவுக்குப் பின், வைத்துக்கொண்டால் மறதி நேராது. ஒருநாள் மறந்தால் நினைவு வந்தவுடன் ஒன்று உண்ணவேண்டும். ஈடுசெய்வதாக எண்ணி இரண்டை ஒருசேர உண்ணலாகாது. வாரம் ஒருமுறை உண்போர் கிழமையைக் குறித்துக்கொள்ளவேண்டும். திரும்பிய பின் உண்ணவேண்டிய கடைசி நாளை நாட்காட்டியில் எழுதி, வீட்டார் காணுமாறு வைத்தல் நலம்.

ஊர் திரும்பிய பின் காய்ச்சல் கண்டால்

எந்த மாத்திரையும் முழுக் காப்பளிப்பதில்லை. நோயுள்ள பகுதியிற் காலடி வைத்து ஏழு நாட்களுக்குப் பின்னர்த் தோன்றும் எந்தக் காய்ச்சலும், திரும்பிப் பல திங்கள் கழிந்து வருவதாயினும், மலேரியாவோ என ஐயுறத்தக்கது. பால்சிபாரம் பெரும்பாலும் ஒரு திங்களுக்குள்ளும், ஏறக்குறைய எல்லாம் மூன்று திங்களுக்குள்ளும் வெளிப்படும்.

இங்கு ஓர் இடர் உண்டு. மழைக்காலத்தில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் காய்ச்சலுடன் வருவோரைக் காணும் மருத்துவர், முதலில் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் எண்ணுவது இயல்பு. நோயாளி கூறாவிடில் ஆப்பிரிக்காவை அவர் எங்ஙனம் அறிவார்? 'இன்ன நாட்டிலிருந்து இன்ன நாளில் திரும்பினேன். இன்ன மாத்திரை உண்டேன். இன்ன நாளில் நிறுத்தினேன்' என்னும் வாக்கியம் மருத்துவரிடம் முதலிற் சொல்லப்படவேண்டும். நோயாளி தளர்ந்திருந்தால் வீட்டார் சொல்லவேண்டும். அன்றைக்கே இரத்தச் சோதனை வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முதற்சோதனையில் நோயுயிர் காணப்படாவிடினும், காய்ச்சல் நீடித்தால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மீண்டும் சோதிக்கவேண்டும். முற்காப்பு மாத்திரை உண்டவர் குருதியில் நோயுயிர் குறைவாக இருந்து கண்ணுக்குத் தப்புவதுண்டு. பால்சிபாரம் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்க வல்லது. தொடக்கத்திலேயே அறியப்பட்டால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளால் முற்றும் குணமாகக் கூடியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது ஓரிரு நாட்களின் தாமதமே.

2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கேரளத்தின் கண்ணூரில், சூடானிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவரின் குருதியில் பிளாஸ்மோடியம் ஓவலே கண்டறியப்பட்டது. கேரளத்தில் அரிதான வகையாயினும், மாவட்ட மருத்துவமனையில் உரிய காலத்தில் அறியப்பட்டு, சிகிச்சை அளிக்கப்பட்டு, நோய் பிறர்க்குப் பரவாது தடுக்கப்பட்டது. மாத்திரை, சோதனை, சிகிச்சை என்னும் மூன்றும் தொடர்ந்து நிற்கவேண்டியதற்கு இது சான்று.

ஒருவர் காய்ச்சல் ஊரார் காய்ச்சலாதல்

மலேரியா ஒழிந்தது எனினும், அதனைப் பரப்பும் கொசு ஒழிந்துவிடவில்லை. கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு இந்திய ஊர்களில் உண்டு. நோயுயிர் குருதியிலுள்ள ஒருவரை அது கடித்து, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அடுத்த வீட்டாரைக் கடித்தால், ஒழிந்த நோய் மீண்டும் அவ்வூரிற் காலூன்றலாம். அவ்வூராரிடம் எதிர்ப்பாற்றல் இல்லை என்பது முன்னரே கூறப்பட்டது. ஆதலின் கிணற்றையும் தொட்டியையும் வலையால் மூடுவதும், திரும்பியவர் மாத்திரையைக் கடைசிவரை உண்பதும் ஒரே காப்பின் இரு பகுதிகளாம்.

வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டி அவிழ்க்கப்படும் நாள் வீட்டில் மகிழ்ச்சியான நாள். உற்றார்க்குரிய பொருள்கள் வெளியே எடுக்கப்படும்பொழுது, பாதி தீர்ந்த மாத்திரை உறையும் அதனுள் கிடக்கும். இனி அது எதற்கு என்று தூக்கி எறியப்படுவது அன்றுதான். அவ்வுறையில் எஞ்சியுள்ளவை பயணத்தின் மிச்சமல்ல. பயணம் அவற்றை உண்டு முடித்த நாளிலேயே முடிவடைகிறது.